பாக்கெட்டை முதலில் பிரித்துக் காட்டுங்கள்: பிட்ச் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பிட்ச் செய்துவிட்டு, அதாவது முதலீட்டாளர் முன் தொழிலை விளக்கிப் பணம் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பியவர்கள் எழுதியவை. மீதிப் பேர் இன்னும் மேடை ஏறவில்லை, அவர்களாவது கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

10 நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் 34 ஸ்லைடு. வேகமாகப் பேசி முடித்துவிடலாமா? (ஈரோடு)

கூடாது. அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன 10-20-30 கணக்கு பழசுதான், ஆனாலும் உதவும்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து 30 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. உங்களுக்குக் கிடைத்தது அதில் பாதி நேரம், ஆக ஆறேழு ஸ்லைடு. மிச்சத்தைக் கடைசியில் போட்டு வையுங்கள், கேள்வி வந்தால் எடுத்துக் காட்டலாம். முடிவில் 'நன்றி' ஸ்லைடு வேண்டாம். எவ்வளவு பணம், எதற்கு என்று அங்கே போடுங்கள்.

ஐடியாவைத் திருடிவிட்டால்? முதலில் என்.டி.ஏ., அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்து வாங்கலாமா?

பெரும்பாலான முதலீட்டாளர்கள் முதல் சந்திப்பில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஃபார்முலாவைச் சொல்லாதீர்கள், விற்பனையைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் 140 கோடி பேர். 1 சதவீதம் பேர் எங்கள் தினை சேமியாவை வாங்கினாலே 1.4 கோடி வாடிக்கையாளர்! ஆனால் இந்த ஸ்லைடு வந்ததும் நடுவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். ஏன்? (திருப்பூர்)

நானும் எடுத்திருப்பேன். இந்த ஒரு சதவீதக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யார் அந்த ஒரு சதவீதம்? உங்கள் 140 கோடியில் கைக்குழந்தையும் இருக்கிறது, தினை என்றால் முகம் சுளிக்கிறவரும் இருக்கிறார். அப்புறம், 1.4 கோடி பேர் மாதம் ஒரு பாக்கெட் வாங்கினால் தினமும் நாலரை லட்சம் பாக்கெட்டுக்கு மேல் போட வேண்டும், நீங்கள் எழுதியபடி உங்களிடம் இருப்பது ஒரே மெஷின்.

போன வருடம் கோவையில் ஒரு அம்மா இட்லி மாவு பிட்ச் செய்தார். "38 கடைக்குக் கொடுத்தேன். 31 கடையில் மறுவாரமும் கேட்டார்கள். ஏழு கடை வேண்டாமென்றது, அதில் மூன்று கடையில் ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறார்கள், மாவு பொங்கிவிடுகிறது" என்று சொல்லிவிட்டு, பலூன் மாதிரி உப்பிய ஒரு பாக்கெட்டை மேஜையில் வைத்தார். ஒரு நடுவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் வாங்கி முகர்ந்தார். அடுத்த கால் மணி நேரமும் ஃபிரிட்ஜைப் பற்றியேதான் பேச்சு, ஒருவர்கூடப் போனைத் தொடவில்லை. 38 சின்ன எண்தான், ஆனால் அவரே கடை கடையாக ஏறி இறங்கி எண்ணியது.

மொத்தச் சந்தை எவ்வளவு பெரிது என்று காட்டும் டாம் (TAM) ஸ்லைடு வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டால் காட்டுங்கள். ஆனால் இரண்டு பக்கக் கடிதத்தில் இதுவரை எத்தனை பாக்கெட் விற்றீர்கள் என்று ஒரு வரி இல்லையே, ஐயா! அடுத்த முறை சேமியாவை வேகவைத்து ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள்.

நல்ல ஐடியா ஒன்று இருக்கிறது. எப்படி பிட்ச் செய்வது? உடனே பதில் தேவை.

என்ன ஐடியா, யாரிடம், எத்தனை நிமிடம்? மூன்றில் ஒன்றுகூட எழுதாமல் அவசரம் மட்டும் காட்டினால் நான் என்ன சொல்ல?

எனக்கு ஆங்கிலம் தடுமாறும். தமிழில் பேசலாமா? (திண்டுக்கல்)

நடுவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்றால் தமிழிலேயே பேசுங்கள். உருப்போட்ட ஆங்கிலம் முதல் குறுக்குக் கேள்வியிலேயே காலை வாரிவிடும்.

புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டக் கடனுக்காக மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணல். இதே பிட்ச் போதுமா?

போதாது. முதலீட்டாளர் தொழில் எவ்வளவு வளரும் என்று பார்ப்பார், பேங்க் மேனேஜர் மாதத் தவணை ஒழுங்காக வருமா என்று பார்ப்பார். மானியம் 25 சதவீதம், உச்சம் 75 லட்சம் என்றெல்லாம் அவர்களிடமே ஒப்பிக்காதீர்கள். மெஷின் கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், ஏதாவது ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த ஆர்டர், இவை கையில் இருக்கட்டும். இங்கேயும் அதேதான்: எவ்வளவு, எதற்கு என்று நீங்களே முதலில் வாயைத் திறந்து கேளுங்கள்.

மைக்கைப் பிடித்ததும் கை நடுங்குகிறது.

பிடிக்காதீர்கள், ஸ்டாண்ட் கேளுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கையில் உங்கள் பொருள் இருக்கட்டும்.