செய்யாத தவறுக்காக வேலையை விட்டு அனுப்புகிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் எப்படி மறுபடி தொடங்குவது?

பதினோரு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் கணக்கு இடிக்கிறது என்று உங்கள் மேல் பழி போட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை இல்லை" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா, இந்த வயதில் வேறு வேலை கிடைக்குமா, பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே இடத்தில் நானும் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். எங்கள் ஊரில் மோட்டார் செய்கிற பலரும் ஸ்டேட்டர் வைண்டிங் வேலையை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் பாகத்தில் காப்பர் ஒயர் சுற்றும் வேலையை, வெளியே சின்ன யூனிட்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள். காப்பர் ஒயரை எடை போட்டு, டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எழுதி அனுப்ப வேண்டும். சுற்றி முடித்த ஸ்டேட்டரும், மிச்ச ஒயரும், வெட்டுத் துண்டும் எடையோடு திரும்பி வர வேண்டும். ஒரு வருடம் மார்ச் ஸ்டாக் எடுத்தபோது ஒயர் குறைந்தது. குறைந்தது உண்மைதான். எங்கே போனது என்பது கேட் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். மேலே இருந்த ஒருவர் போனில் சொன்னார் என்று, டி.சி. இல்லாமலே லோடு ஏறிப் போன யூனிட் ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் "டி.சி. பின்னால் வரும்" என்று, சொன்னவர் பெயரோடு ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருந்தேன். விசாரணை என்று வந்தபோது அந்த ரிஜிஸ்தரைக் காணோம்.

எச்.ஆர்.-இல் இருந்த பையன் நல்ல பையன்தான். "அண்ணா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். டெர்மினேட்னு போட்டுட்டா நாளைக்கு வெளிய யாரும் எடுக்க மாட்டாங்க. ரிசைன் பண்ணிட்டுப் போயிருங்க" என்றான். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க தம்பி, நானும் எழுத்துல பதில் தர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உங்களுக்கும் இதையே சொல்வேன்: கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா கொடுத்தவர் சட்டத்தின் பார்வையில் தானாகப் போனவர். மிரட்டி வாங்கினார்கள் என்று பிற்பாடு நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஒருவேளை ஏற்கெனவே போட்டிருந்தால், இன்றே அது கட்டாயத்தில் வாங்கப்பட்டது என்று எழுதிப் பதிவுத் தபாலிலும் மெயிலிலும் அனுப்புங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பேச்சின் மதிப்பு குறையும்.

ராஜினாமா கிடைக்காவிட்டால் அவர்கள் முறைப்படி போக வேண்டியிருக்கும்: குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உங்கள் விளக்கம், உள்விசாரணை. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். இதற்கெல்லாம் நேரமும் செலவும் ஆகும் என்பதால்தான் அந்த ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கெஞ்சுகிறார்கள்.

அடுத்து அவர்கள் சொல்லப்போவதையும் சொல்லிவிடுகிறேன். "நீங்க சூப்பர்வைசர், தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது." எனக்கும் 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்' என்று அடையாள அட்டை இருந்தது. ஆனால் பதவியின் பெயரை வைத்து இது முடிவாவதில்லை. பெரும்பாலான நேரம் நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். யாருக்கும் லீவு அனுமதிக்கும் அதிகாரம் எனக்கு இருந்ததில்லை. எடை போடுவதும் எழுதுவதும்தான் வேலை. அதைக் காட்டப் பழைய வேலைத்தாள்கள், மெயில்கள், என் கையெழுத்தில் இருந்த டி.சி. நகல்கள் உதவின. உங்களிடம் சட்டப்படி இருக்கக்கூடிய சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், மெயில் எல்லாவற்றுக்கும் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். கம்பெனி ஆவணங்களை அள்ளி வராதீர்கள், அதையே தனிக் குற்றமாக்கிவிடுவார்கள்.

தொழிற்சாலை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அங்கே 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் (புதிய சட்டத்தில் தொழில் தீர்ப்பாயம்) போகலாம். முன்பு இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின் அது இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஜவுளிக்கடை, ஓட்டல், அலுவலகம் போன்ற இடம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றி அனுப்ப முடியாது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் 30 நாளுக்குள். வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு.

இவ்வளவும் எழுதியதால், கேஸ்தான் வாழ்க்கை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். லேபர் ஆபீஸ் வராந்தாவில் நான் பார்த்த மனிதர்களில் இரண்டு வகை. ஒரு வகை, தீர்ப்பு வரட்டும், அதுவரை வேறு வேலைக்குப் போனால் கேஸ் நீர்த்துவிடும் என்று வீட்டிலேயே உட்கார்ந்தவர்கள். அவர்கள் பேச்சில் அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. இன்னொரு வகை, "போனது போகட்டும்" என்று கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையைக்கூடக் கேட்காமல் விட்டவர்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. வழக்கு ஒரு பக்கம் அதன் வேகத்தில் போகட்டும். பிழைப்பு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இடையில் வேறு வேலை பார்த்தால் ஜெயித்தால் கிடைக்கும் பின்சம்பளக் (வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளம்) கணக்கில் கொஞ்சம் குறையலாம். உட்கார்ந்து சாப்பிட்டு வட்டிக்கு வாங்கும் கடனோடு ஒப்பிட்டால் அது நஷ்டமே இல்லை.

புது வேலை எனக்கு விளம்பரத்தில் கிடைக்கவில்லை. கோவை பெரிய ஊர் மாதிரித் தெரியும், ஆனால் கணபதிப் பகுதியில் பேசியது மாலைக்குள் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போய்விடும். "காப்பர் எடுத்துட்டாராமா" என்ற பேச்சு எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போயிருந்தது. அதனால் போகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்ததும் நானே விஷயத்தைச் சொல்லிவிடுவேன், நாலு வரியில். என்ன குற்றச்சாட்டு, நான் என்ன பதில் கொடுத்தேன், மனு எங்கே இருக்கிறது. பழைய முதலாளியைத் திட்டுவதில்லை. கதையை நீட்டினால் கேட்பவருக்குச் சந்தேகம்தான் வளரும்.

கடைசியில் கை கொடுத்தவர் எங்களுக்கு வைண்டிங் செய்து கொடுத்த ஒரு சின்ன யூனிட்காரர். "உங்க டி.சி.ல எடை மாறி வந்ததே இல்லைங்க. என் மச்சான் புதுசா மோட்டார் போடறான், அவனுக்கு இந்த ஜாப் ஒர்க் கணக்கு ஒண்ணும் புரியலை, வந்து பாக்கறீங்களா?" என்றார். ஜி.எஸ்.டி.-யில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி யூனிட்டில் வேலை செய்து வாங்குவதற்கு, அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். அனுப்பியதையும் வந்ததையும் காட்ட ஐ.டி.சி.-04 என்ற படிவம் வேறு போட வேண்டும். சின்ன முதலாளிகளுக்கு இது பெரிய தலைவலி. எனக்கோ கைவந்த வேலை. அந்த மச்சானிடம் வாரத்தில் பாதி நாள், அப்புறம் அவர் சொல்லி இன்னொருவர், இன்னொருவர். இன்று யாருடைய சம்பளப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. பழைய சம்பளத்தை எட்டக் கொஞ்ச காலம் ஆனது.

உங்கள் வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பெரிய கம்பெனி வாசலில் வயது இடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பழைய கம்பெனிக்குச் சரக்கு கொடுத்தவர்கள், வாங்கியவர்கள், லாரி விட்டவர்கள் எல்லோரும் உங்கள் வேலையைப் பார்த்தவர்கள். அவர்களிடம் முதலில் போங்கள். சொந்தக்காரர்களிடம் கடைசியில் போனால் போதும். எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால் "இப்ப எங்கீங்க இருக்கறீங்க?" என்று பந்தியில் கேட்பதற்குள் பாயசம் தொண்டையில் நிற்கும். வீட்டில் மட்டும் மறைக்க வேண்டாம். என் மனைவிக்கு அன்று இரவே தெரியும். அத்தைக்கும் மாமாவுக்கும் அவளே சொல்லிக்கொண்டாள், எந்த வார்த்தையில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

என் கேஸ் சமரசத்திலேயே முடிந்தது. கிராஜுவிட்டி, நிலுவைச் சம்பளம், குற்றம் எதுவும் குறிப்பிடாத சர்வீஸ் சான்றிதழ். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, ரிஜிஸ்தரும் வரவில்லை. கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்லும் நண்பர்கள் உண்டு. போயிருந்தால் ஜெயித்திருக்கலாம். எனக்கு அந்தச் சான்றிதழ் போதும் என்று பட்டது. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. மார்ச் மாதம் வந்தால் கொஞ்சம் கூடும்.

இனி பணம். கிராஜுவிட்டியை நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள்: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டால் பெருக்குங்கள். 18,200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10,500. பதினோரு ஆண்டுக்கு 1,15,500. வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டியது அது, தாமதித்தால் வட்டியும் சேரும். பி.எஃப்.-ஐ முதல் மாதமே தொடாதீர்கள். கம்பெனி வேண்டுமென்றே வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து யூ.ஏ.என். (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும், உங்களுக்கு அது முடிந்துவிட்டது. 58 வயதில் மாதாமாதம் வரும். அடுத்த வேலையில் பி.எஃப். இருந்தால் இதே யூ.ஏ.என். எண்ணைக் கொடுங்கள், புதிதாக ஒன்று திறக்க விடாதீர்கள். குறிப்பாணை கையில் வந்ததும் பதில் எழுதுவதற்குள் ஒரு தொழிலாளர் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் சில நாள்தான் அவகாசம் கொடுப்பார்கள், போதாவிட்டால் எழுத்தில் கூடுதல் நாள் கேளுங்கள்.