வேறு நாட்டில் வாங்கிய பழைய போனில் என் சிம் வேலை செய்யவில்லை. நெட்வொர்க் லாக்கை எப்படி எடுப்பது?

அன்லாக் செய்ய யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன், அது நெட்வொர்க் லாக்தானா (போனை விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும் ஓடும்படி போட்ட பூட்டு) என்று பாருங்கள். சிலருக்கு அது வேறு சிக்கலாக இருக்கும்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்குங்கள். கேரியர் லாக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் லாக் இல்லை. ஆண்ட்ராய்டில் உங்கள் சிம்மைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்டால் லாக்தான். சிம்மை ஏற்றுக்கொண்டு சிக்னல் மட்டும் வரவில்லை என்றால், திருட்டுப் போன் என்று ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) தடை செய்யப்பட்டிருக்கலாம், அல்லது உங்கள் சிம் நிறுவனம் பயன்படுத்தும் பேண்ட் (அலைவரிசை) அந்த மாடலில் இல்லாமல் இருக்கலாம். அன்லாக் செய்தாலும் இந்த இரண்டும் தீராது. பழைய ஆளின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கைக் கேட்டால் அது தனிக் கதை. விற்றவர்தான் அதை நீக்கித் தர வேண்டும்.

லாக் வேலை செய்யும் விதம் எளிது. சிம்மில் ஐஎம்எஸ்ஐ என்று ஓர் எண் உண்டு. அதன் முதல் 3 இலக்கம் நாடு, அடுத்த 2 அல்லது 3 இலக்கம் நிறுவனம். போனுக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணோடு அது பொருந்தாவிட்டால் நெட்வொர்க்கில் சேர விடாது. ஃபேக்டரி ரீசெட் உங்கள் தரவைத்தான் அழிக்கும், இந்த அனுமதியைத் தொடாது. பூட்லோடர் அன்லாக் (போனில் வேறு மென்பொருள் ஏற்ற வழி திறப்பது) என்பதும் வேறு. அதைத் திறந்தால் சிம் லாக் போய்விடாது.

சரியான வழி ஒன்றுதான்: போனை முதலில் விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்பது. *#06# அழுத்தி 15 இலக்க ஐஎம்இஐயைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண் வந்தால் முதலாவதைக் கொடுங்கள். தவணை பாக்கி இல்லாமல் இருப்பது, குறிப்பிட்ட காலம் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடியிருப்பது, தொலைந்ததாகப் புகார் இல்லாதது ஆகியவைதான் வழக்கமான நிபந்தனைகள். கனடாவில் 2017 டிசம்பர் முதல் அன்லாக் செய்யக் கட்டணம் வாங்கக் கூடாது. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் லாக் செய்த போனை விற்கவே தடை. அமெரிக்காவில் 2014 சட்டம் அன்லாக் செய்வதை அனுமதிக்கிறது, ஆனால் எத்தனை நாளில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தவணை பாக்கியோடு விற்கப்பட்ட போன் உங்கள் கையில் இருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

ஐபோனுக்கு அன்லாக் குறியீடு எதுவும் கிடையாது. நிறுவனம் ஒப்புக்கொண்டதும் ஆப்பிள் சர்வரில் உங்கள் ஐஎம்இஐயின் நிலை மாறும். புது சிம்மைப் போட்டு வைஃபையில் இணைத்தால் பெரும்பாலும் தானாகத் திறந்துவிடும். திறக்காவிட்டால் பேக்கப் எடுத்துவிட்டு அழித்து ரீஸ்டோர் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் சிலவற்றுக்குக் குறியீடு வரும், சிலவற்றில் செட்டிங்ஸுக்குள்ளேயே நெட்வொர்க் அன்லாக் இருக்கும். அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு கேட்டால் நிரந்தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குறியீட்டை ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். சில தவறுகளுக்குப் பிறகு போன் மேற்கொண்டு குறியீட்டை ஏற்காமல் உறைந்துவிடும். சாம்சங்கில் அதை விடுவிக்கவே தனிக் குறியீடு வேண்டியிருக்கும். இலவசக் குறியீடு தரும் தளங்களையும் நம்ப வேண்டாம். பழைய நோக்கியாக்களில் ஐஎம்இஐயிலிருந்து குறியீட்டைக் கணக்கிட முடிந்தது. இப்போதைய போன்களுக்கு அப்படிச் சூத்திரம் இல்லை.

சிம்முக்கு அடியில் வைக்கும் ஆர்-சிம் போன்ற மெல்லிய சிப் லாக்கை எடுப்பதில்லை, ஐபோனை ஏமாற்றுகிறது, அவ்வளவே. அடுத்த அப்டேட்டிலோ ரீசெட்டிலோ பழையபடி 'சிம் நாட் சப்போர்ட்டட்' வந்து நிற்கலாம். 'சிப் போட்டு ஓடும்' என்று விற்றால் அதை லாக் செய்த போனின் விலைக்கே கேளுங்கள்.

லாக் போன பிறகும் இணையம் வரவில்லை என்றால் ஏபிஎன்னை (மொபைல் இணையத்துக்கான அமைப்பு) உங்கள் சிம் நிறுவனத்துக்கு உரியதாக மாற்றுங்கள். இணையம் வந்து அழைப்பு மட்டும் போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி. வேறு நாட்டு ஃபர்ம்வேரில் (போனுக்குள் வரும் அடிப்படை மென்பொருள்) உங்கள் நிறுவனத்துக்கான வோல்ட்டி அமைப்பு இல்லாமல் இருக்கலாம். 2ஜி, 3ஜி இரண்டையும் மூடிவிட்ட நெட்வொர்க்கில் அப்படிப்பட்ட போனில் பேசவே முடியாது. ஆகவே அன்லாக் வேலையில் இறங்கும் முன்பே, உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வோல்ட்டி கிடைக்குமா என்று சிம் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.