சீட்டில் பெயர் மாறினால் நோயும் மாறிவிட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. திடீர்க் கோபம், நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், கையைக் கீறிக்கொள்ளும் பழக்கம். முதல் மருத்துவர் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்' என்றார். இப்போது பார்ப்பவர் 'பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர், மாடரேட்' என்று எழுதியிருக்கிறார். "கோபம் யாருக்குத்தான் இல்லை?" என்கிறார் என் கணவர். எது சரி?

பதில்: அன்புச் சகோதரி, நோய் மாறவில்லை. இருவரும் பின்பற்றும் கையேடுகள்தான் வேறு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் ஆளுமைக் கோளாறுகள் (பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்) 10 வகை. பார்டர்லைனுக்கு 9 அறிகுறிகளில் 5 வேண்டும். 4 இருந்தால் அந்தப் பெயர் கிடையாது. அதற்காக அவர் படும் பாடு குறைவு என்று சொல்லிவிட முடியுமா? எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று தன்னையும் பிறரையும் வதைக்கும் இன்னொரு வகைக்கு 8-ல் 4 போதும். அப்படியானால் அதே பெயர் வாங்கிய இருவருக்கு ஓர் அறிகுறிகூட ஒத்துப்போகாமல் இருக்கலாம்! ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து விழுவதும் சகஜம். இவை தனித்தனி நோய்கள் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது பழைய வகைகளைக் கைவிட்டு, லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தீவிரத்தைத்தான் முதலில் பார்க்கிறது. எந்தக் குணம் மேலோங்கியிருக்கிறது என்பதைப் பிறகு குறிக்கலாம். பார்டர்லைன் மட்டும் துணைக்குறிப்பாகத் தங்கியிருக்கிறது. உங்கள் மகளின் 'மாடரேட்' இந்த வழியில் வந்ததாகவே தெரிகிறது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. இந்தக் குணங்கள் எல்லோரிடமும் கூடக்குறைய இருப்பவைதான். ரத்த அழுத்தமும் எல்லோருக்கும் உண்டு. அதற்காக 180-ஐ யாரும் சும்மா விடுவதில்லை. கையைக் கீறிக்கொள்ளும் அளவுக்கு வந்ததை 'சுபாவம்' என்று தள்ளிவிடாதீர்கள். மகளைத் திட்டவும் வேண்டாம். தாங்க முடியாத வேதனையைத் தணிக்க அவள் கண்டுபிடித்த வழி அது.

அடுத்த முறை மருத்துவரிடம் பெயரைப் பற்றிக் கேட்க வேண்டாம். வேலை, தூக்கம், உறவுகள் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கின்றன, டிபிடி என்ற பேச்சு சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய அந்தச் சிகிச்சை, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதில் நல்ல பலன் தந்திருக்கிறது. கீறல் ஆழமானாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை.