அணுவுக்குக் காவல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் சிஐஎஸ்எஃப்பில், அதாவது மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையில் இருக்கிறான். முதலில் விமான நிலையத்தில் பெட்டி சோதனை, இப்போது கல்பாக்கம். பொங்கலுக்கு வந்தவனிடம் உள்ளே என்னடா வேலை என்று கேட்டால், "கேட்ல நிக்கிறேன் மாமா" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பாகிஸ்தானில் அணுகுண்டுகளைக் காக்கவென்றே 25,000 பேர் கொண்ட தனிப்படை இருக்கிறதாம். நமக்கு மட்டும் ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்றச் சொல்கிற அதே படைதானா? இது போதுமா?

ச., நெய்வேலி

அன்புள்ள ச.,

டிவி விவாதங்களில் நடக்கிற குழப்பம் உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. அணு உலை வேறு, அணுகுண்டு வேறு. உங்கள் மருமகன் காவல் நிற்பது உலைக்கும் அதைச் சார்ந்த கூடங்களுக்கும். குண்டு அவர்கள் பொறுப்பில் இல்லை. அது 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அணு ஆயுதக் கட்டளை ஆணையத்தின் கீழ் வருகிறது. பிரதமர் தலைமையிலான அரசியல் குழு உத்தரவிட்டால்தான் எதுவும் நகரும். நெடுநாள் வழக்கமாகச் சொல்லப்பட்டது இது: குண்டின் கரு அணுசக்தித் துறையிடம், மற்ற பாகங்கள் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையிடம், ஏவுகணை ராணுவத்திடம். திருட நினைப்பவன் ஒரே இரவில் மூன்று வீடு ஏறியாக வேண்டும். அணு ஏவுகணையைச் சுமக்கும் அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிகள் வந்தபிறகு இந்த ஏற்பாடு அப்படியே நீடிக்க முடியாது. நடுக்கடலில் இருக்கிற கப்பலுக்கு யார் போய்ப் பாகங்களைப் பூட்டுவது?

பாகிஸ்தானில் குண்டு, கூடம் இரண்டும் ஒரே அமைப்பின் கையில். ராணுவ ஜெனரல் ஒருவர் தலைமையில் இயங்கும் அமைப்பு அது. நீங்கள் சொல்லும் 25,000 என்ற எண்ணை 2013இல் அவர்களுடைய நிதியமைச்சரே சொன்னார். வெளியிலிருந்து யாராவது வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அங்கே நிறைய. 2011இல் பின் லேடனைத் தேடி அபோட்டாபாத்துக்கு அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சத்தமில்லாமல் வந்து போனபிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த நாட்டுக்கு வந்த பெரிய அவமானம் வேலி தாண்டி வரவில்லை. 2004 பிப்ரவரியில் அவர்களுடைய அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான் தொலைக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ஈரான், லிபியா, வடகொரியா என்று அணு நுட்பம் போய்ச் சேர்ந்தது அவர் வழியாக. யுரேனியம் செறிவூட்டும் கூடத்தை உருவாக்கியவரே அவர்தான். அவர் காரை நிறுத்தி டிக்கியைத் திற என்று சொல்ல எந்தச் சிப்பாய்க்குத் தைரியம் வரும்?

சரி, பணமும் கருவியும் கொட்டிக்கிடக்கிற அமெரிக்காவைப் பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கதை அங்கே நடந்ததுதான். டென்னசி மாநிலத்தில் ஒய்-12 என்ற வளாகம். குண்டுக்கான செறிவூட்டிய யுரேனியத்தைச் சேமித்துவைக்க, 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கோட்டை மாதிரி ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்கள். 2012 ஜூலை 28 விடிவதற்குமுன் மூன்று பேர் வேலிக் கம்பிகளை வெட்டி உள்ளே போய்விட்டார்கள். போர் எதிர்ப்பாளர்கள். மூவரில் மூத்தவர் 82 வயதுக் கன்னியாஸ்திரி, மேகன் ரைஸ். கிடங்குச் சுவரில் ரத்தத்தைத் தெளித்து, வாசகங்கள் எழுதி, சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அலாரம் அடித்தது. ஆனால் அணில், மான் எது போனாலும் அடிக்கிற அலாரம் அது, யாரும் பதறவில்லை. அந்த இடத்தைக் காட்டவேண்டிய கேமரா பல மாதமாக வேலை செய்யவில்லை. சுத்தியல் சத்தம் காவலர் ஒருவர் காதில் விழுந்தது. பராமரிப்பு ஆட்கள் ஏதோ வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் வந்துசேர்ந்த காவலருக்கு அந்த மூவரும் ரொட்டி நீட்டினார்கள்.

அடுத்த சில வாரங்களில் இன்னொன்று. காவலர்களுக்குப் பாதுகாப்பு பற்றித் தேர்வு வைப்பதற்கு முன்பே, கேள்வியும் விடையும் ரோந்து வண்டியில் கிடந்தன. பிட்டு!

ஆள் பற்றாக்குறையால் நடந்ததல்ல இது. அங்கே ஒன்றும் நடப்பதில்லை என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான். எத்தனை ஆண்டு நின்றாலும் எதுவும் நடக்காமல் இருப்பதே வெற்றி என்றால், அந்த வேலையில் மனிதன் விழிப்பாக இருப்பது லேசில்லை. நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள் நெய்வேலியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2014இல் பெல்ஜியத்தின் டோல் அணுமின் நிலையத்தில் உள்ளே இருந்த யாரோ ஒரு வால்வைத் திறந்துவிட, டர்பைன் எண்ணெய் 65,000 லிட்டர் வடிந்துபோனது. அதே ஆண்டு அக்டோபர் 8 அதிகாலை, கல்பாக்கத்தில் சிஐஎஸ்எஃப் தலைமைக் காவலர் ஒருவர் தன் சகாக்களையே சுட்டார். மூன்று பேர் செத்தார்கள். அதற்கு ஏழு மாதம் முன்னால் உங்கள் ஊரில், என்எல்சி இரண்டாம் சுரங்கத்தில், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அதே படைக்காரர் சுட்டு இறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மூன்றிலும் வெளியாள் யாரும் வேலி தாண்டவில்லை.

இன்னொரு சங்கதி. 1964இல் ராஞ்சியில் அரசுக் கனரகத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தது. அதை விசாரித்த குழுவின் பரிந்துரையில்தான் உங்கள் மருமகனின் படை 1969இல் பிறந்தது. விமான நிலையத்துக்கு அவர்கள் வந்தது 1999 கந்தகார் விமானக் கடத்தலுக்குப் பிறகு. ஆக, ஏர்போர்ட் படையை உலைக்கு அனுப்பவில்லை. தொழிற்சாலைப் படையைத்தான் ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார்கள். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. சொல்லப்போனால், பெல்ட்டைக் கழற்றச் சொல்லும்போது அமைச்சரின் பிஏவிடமும் அதே குரலில் சொல்லிப் பழகியவர்தான் உலை வாசலுக்குச் சரியான ஆள். அவர் வாயைத் திறக்காததும் அந்த வேலையில் சேர்த்திதான். கல்யாண வீட்டில் வைத்துத் துருவாதீர்கள்.

போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், லீவு ஒழுங்காகக் கிடைக்கிறதா, மனம் சரியில்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் யாராவது அவன் முகத்தைப் பார்க்கிறார்களா, கெட்டுப்போன கேமராவை எத்தனை நாளில் மாற்றுகிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒய்-12 விவகாரத்தில் அமெரிக்க எரிசக்தித் துறையின் தணிக்கை அலுவலகம் ஒரு மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. நான் மேலே எழுதிய கேமரா, சுத்தியல் எல்லாம் அதில் இருக்கிறது. இங்கே சிஐஎஸ்எஃப் தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர வேறெதற்கும் நீங்களும் நானும் மனுப் போட்டுப் பதில் வாங்க முடியாது. ஆனால் நாடாளுமன்றத்தில் கேட்கலாம். எங்கே எத்தனை துப்பாக்கி என்று கேட்டால் ரகசியம் என்பார்கள், நியாயம்தான். லீவையும் மருத்துவரையும் ரகசியம் என்று சொல்லமுடியாது. கடலூர் எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.