தடயமும் கல்வெட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐம்பது வயதைக் கடந்தவன் நான். பள்ளிப் பருவம் தொட்டு இன்றுவரை துப்பறியும் நாவல்களையும் சரித்திர நாவல்களையும் மாறி மாறிப் படித்து வருகிறேன். இவை பொழுதைப் போக்க மட்டுமே உதவும், இலக்கியம் ஆகா என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இந்த இரண்டு வகைகளும் எனக்குச் சம அளவில் பிடித்திருப்பது ஏன்? என் ரசனையில் ஏதேனும் குறை இருக்கிறதா?

பதில்: ரசனையில் குறை இல்லை, ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. தொலைந்த ஒட்டகத்தின் கதையைச் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். தன் ஒட்டகத்தைத் தேடிவந்த வணிகனிடம், வழியில் எதிர்ப்பட்ட நால்வர், அதற்கு ஒரு கால் ஊனமா, வலக்கண் குருடா, வால் குட்டையா என்று ஒவ்வொருவராகக் கேட்க, இவர்களே திருடர்கள் என்று முடிவுகட்டி அவன் அவர்களை அரசனிடம் இழுத்துப் போகிறான். அவர்களோ அந்த ஒட்டகத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. மண்ணில் மூன்று கால்களின் தடம் மட்டுமே தெளிவாகப் பதிந்திருந்தது. பாதையின் இடப்பக்கத்துத் தழைகள் மட்டுமே மேயப்பட்டிருந்தன. கொசுக்களை ஓட்ட வால் எட்டாததால் வழியெங்கும் இரத்தத் துளிகள் சிந்தியிருந்தன. இல்லாத ஒன்றை அது விட்டுச்சென்ற சுவடுகளிலிருந்து அவர்கள் மீட்டெடுத்தார்கள்.

துப்பறிவாளர் செய்வதும் இதுதான், வரலாற்றாசிரியர் செய்வதும் இதுதான். ஒருவருக்குக் கைரேகையும் சேறு படிந்த செருப்பும். மற்றவருக்குக் கல்வெட்டும் செப்பேடும் தேய்ந்துபோன நாணயமும். இருவருமே, நடந்து முடிந்து இனி ஒருபோதும் திரும்ப நடக்காத ஒன்றை, அதன் எச்சத்தைக் கொண்டு ஊகிக்கிறவர்கள். ஐரோப்பாவில் இந்த இரு நாவல் வகைகளும் நெருங்கிய காலத்தில் தோன்றியதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வால்ட்டர் ஸ்காட் தம் முதல் சரித்திர நாவலைப் பெயர் போடாமல் வெளியிட்டது 1814இல். எட்கர் ஆலன் போவின் முதல் துப்பறியும் கதை அச்சானது 1841இல். இடைவெளி 27 ஆண்டுகள்தான்.

ஆகவே, உங்களை இந்த இரு அலமாரிகளுக்கும் இழுத்துச் செல்வது ஒரே ஆசை என்று நினைக்கிறேன். தடயத்திலிருந்து நிகழ்ச்சிக்குப் போகும் அந்த நடையில்தான் உங்களுக்கு இன்பம் இருக்கிறது. அது அறிவின் இன்பம். அதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்வோர், தாம் படித்தவற்றுள் மோசமானவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இரண்டு வகைகளிலும் மோசமானவை ஏராளமாக உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கவிதையிலும் உண்டு.

கேள்வி: அண்மையில் ஒரு மர்ம நாவலை முந்நூறு பக்கம் படித்த பிறகு, அதுவரை கதையில் தலைகாட்டாத ஒருவர் கடைசி அத்தியாயத்தில் வந்து கொலையாளி ஆனார். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தேன். இப்படி உணர்வது சரியா?

பதில்: முற்றிலும் சரி. 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் அவற்றுள் முதல் விதி. துப்பறிவாளர் கண்ட தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்கலாகாது, இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, முன்கூட்டிச் சாடை காட்டாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது என்பன போன்றவை மற்றவை. இவ்விதிகளை மீறியும் நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. ஆனால் நாக்ஸ் காக்க நினைத்த நேர்மையை நல்ல எழுத்தாளர்கள் கைவிட்டதில்லை. முடிவை அறிந்ததும் நாம் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால், விடை முதலிலிருந்தே கண்முன் கிடந்தது என்பது தெரிய வேண்டும். நம்மைத் தோற்கடிக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. சீட்டை மறைத்துவைத்து ஆட உரிமை இல்லை.

கேள்வி: சரித்திர நாவல்களைப் படித்துத்தான் நான் வரலாறு அறிந்தேன். இப்போது அவற்றில் எது உண்மை, எது கற்பனை என்று பிரித்தறிய முடியாமல் குழம்புகிறேன். எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: தமிழ் வாசகர் பலரும் வரலாற்றுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். நாம் எல்லோரும் அறிந்த 'பொன்னியின் செல்வன்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி அதைத் தம் வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். அதன் நடுவில் இருப்பது ஒரு கொலை: பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் மரணம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களை அது குறிப்பிட்டு, அவர்களுடைய, அவர்களின் உறவினருடைய நிலங்கள் பறிமுதலானதைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள், யாருக்காகக் கொன்றார்கள், இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டா என்பவற்றைப் பற்றி அக்கல் வாய் திறக்கவில்லை. ஆய்வாளர்களும் இதில் ஒருமனப்படவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

அந்த மௌனத்துக்குள்தான் நாவலாசிரியர் குடியேறுகிறார். நந்தினியைக் கல்வெட்டுகளில் தேடினால் கிடைக்கமாட்டாள், பூங்குழலியும் கிடைக்கமாட்டாள். வந்தியத்தேவன் இருந்தவன்தான், ஆனால் தஞ்சைக் கல்வெட்டு அவனைக் குந்தவையின் கணவன் என்ற அளவில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. அவனுடைய குதிரையும் குறும்பும் துடுக்குப் பேச்சும் கல்கி தந்தவை. கொலை நடந்த இரவை எழுத வரும்போது கல்கி விளக்கை அணைத்துவிட்டு, கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்பதை ஐயத்துக்கு இடம் வைத்தே எழுதுகிறார். அதைச் சிலர் குறை என்பார்கள். சான்றுகள் சொல்லாத ஒன்றைத் தாமே தீர்ப்பாகச் சொல்லிவிடாமல் நின்ற அந்த இடத்தில்தான் அவர்மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

எனவே, படிக்கும்போது கதையை முழுமனத்தோடு நம்புங்கள். படித்து முடித்த பிறகு ஒரு வரலாற்று நூலை அருகில் வைத்துக்கொண்டு, எந்தப் பாத்திரத்துக்குச் சான்று உண்டு என்று பாருங்கள். பெரிய போர்கள், பட்டமேற்ற ஆண்டுகள், ஊர்ப்பெயர்கள் ஆகியவை பெரும்பாலும் சரியாக இருக்கும். பேச்சு, காதல், சதியின் உள்விவரம் ஆகியவை பெரும்பாலும் ஆசிரியருடையவை. எனக்கு உறுத்துவது கற்பனையன்று, கவனக்குறைவுதான்: பத்தாம் நூற்றாண்டுக் காவலன் ஒருவன் 'ஐந்து நிமிடம் பொறு' என்று சொன்னால், அங்கேயே என் நம்பிக்கை கலைந்துவிடுகிறது. அவன் அறிந்தது நாழிகை. அது நம் கணக்கில் 24 நிமிடம்.

கேள்வி: முடிவு தெரிந்துவிட்ட கதையில் என்ன சுவை? சரித்திர நாவலில் யார் வெல்வார் என்பது முன்பே தெரியுமே.

பதில்: அருள்மொழிவர்மன் 985இல் இராசராசனாக முடிசூடுவான் என்று அறிந்தவர்களும், நடுக்கடல் புயலில் எரியும் கப்பலை நோக்கி அவன் படகில் போகும்போது பதறிப்போகிறார்கள். பிழைப்பான் என்பது தெரியும். எப்படிப் பிழைப்பான், உடன் இருப்பவர்களுள் யாரை இழப்பான் என்பது தெரியாது. வரலாறு பதிவு செய்யாத மனிதர்களின் உயிர் அங்கே ஊசலாடிக்கொண்டேதான் இருக்கிறது. மர்ம நாவலுக்கும் இது ஓரளவு பொருந்தும். முதல் முறை துப்பறிவாளரோடு நடக்கிறோம். இரண்டாம் முறை எழுத்தாளரின் கையைக் கவனிக்கிறோம், எந்த வாக்கியத்தில் தடயத்தை ஒளித்தார், எந்தச் சொல்லால் நம் பார்வையைத் திருப்பினார் என்று. நல்ல மர்ம நாவல் எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் முழுமையாகக் கிடைக்கிறது.

கேள்வி: இரண்டு சுவையும் ஒன்றாக அமைந்த வெளிநாட்டு நாவல் ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: உம்பர்த்தோ எக்கோ 1980இல் வெளியிட்ட முதல் நாவலான 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' என்பதைப் பலரும் சொல்வார்கள், 1327ஆம் ஆண்டின் இத்தாலிய மடாலயம் ஒன்றில் தொடரும் மரணங்களை ஒரு துறவி ஆராயும் கதை அது. இறையியல் விவாதங்களைக் கடக்கப் பொறுமை வேண்டும், ஆனால் அந்தப் பொறுமை வீண்போகாது. நான் முதலில் கையில் கொடுப்பது ஜோசபின் டே 1951இல் எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்' என்ற சிறிய நாவலை. கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் காவல் அதிகாரி ஒருவர், இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்க்கிறார். அண்ணன் மக்களான இரு சிறுவர்களைக் கொன்றதாக ஐந்நூறு ஆண்டுகளாகப் பழி சுமப்பவரின் முகமா இது என்று அவருக்கு ஐயம் எழுகிறது. படுக்கையை விட்டு எழாமலே, ஏடுகளையும் ஆவணங்களையும் வரவழைத்து அவர் அந்த வழக்கை மறுவிசாரணை செய்கிறார். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. யார் எழுதினார், எப்போது எழுதினார், யாருடைய ஆதரவில் இருந்து எழுதினார் என்ற கேள்விகள்தான் கதையை ஓட்டுகின்றன.

டே எட்டிய முடிவை ஏற்காத வரலாற்றாசிரியர் பலர் உண்டு. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது அதில் உறுதியானது. அச்சிறுவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு மட்டும் அந்த எலும்புகளிடம் விடை இல்லை.