நீங்கள் சொன்ன பொய்தான் சீட்டில் இருக்கிறது

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த என் மகளை மாப்பிள்ளை குடித்துவிட்டு வயிற்றில் உதைத்தார். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று, ஆஸ்பத்திரியில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டா’ என்று நான்தான் சொன்னேன். மனசு ஆறவில்லை. அவர்மேல் கொலை கேஸ் போடலாமா?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: கொலை கேஸ் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு, வயிற்றில் இருக்கும் குழந்தையைச் சாகடிப்பது மனிதக்கொலை ஆகாது என்கிறது. பிரசவத்தில் குழந்தையின் உடலில் ஒரு பகுதியாவது வெளியே வந்திருந்தால்தான் அந்தப் பேச்சே வரும். பழைய தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது.

அதற்காக அவர் தப்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. பெண்ணின் சம்மதமில்லாமல், தெரிந்தே கருவைக் கலையச் செய்தால் 89-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. தாயே இறந்திருந்தால் கொலைக்குற்றம் ஆகியிருக்கும் என்கிற அளவுக்குத் தாக்கி, வயிற்றில் அசைவு வந்த குழந்தை இறந்தால் 92-வது பிரிவில் 10 வருஷம் வரை.

ஆனால் எந்தப் பிரிவாக இருந்தாலும் போலீஸ் முதலில் கேட்பது ஆஸ்பத்திரி சீட்டை. அதில் இருப்பது நீங்கள் சொன்ன பொய். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, கட்டிலில் கிடந்த உங்கள் மகள் உங்கள் முகத்தைத்தானே பார்த்திருப்பாள்? அம்மா சொல்லிவிடுவாள் என்று நம்பியிருப்பாள். நீங்களோ உதைத்தவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அசிங்கம் யாருக்கு, அம்மா? உதைத்தவனுக்கா, உதை வாங்கியவளுக்கா? கட்டிக்கொடுத்ததோடு பெற்றவள் கடமை முடிந்தது என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் மகளிடம் கேளுங்கள். அவள் சரி என்றால் இன்றைக்கே அனைத்து மகளிர் காவல் நிலையம் போங்கள். நடந்ததை அவள் சொல்லட்டும். பயந்து பொய் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். உடம்பில் கன்றிப்போன தடம் இன்னும் இருந்தால் போட்டோ எடுங்கள். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவ, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்கள் உதவி எண் 181-க்கும் போன் செய்யலாம்.

அப்புறம், அவர்கள் வீட்டிலிருந்து நாலு பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள். அப்போது மகளை உள்ளே போகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த முறை அவள் பேசட்டும்.