ஒல்லாந்தப் பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பறங்கியர் குடும்ப வழிகளைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதால் எனக்கு நிறையக் கேள்விகள் வருகின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இலங்கையில் பறங்கியர் என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) முதலிய ஐரோப்பியரின் வழியில் வந்த இந்த நாட்டு மக்கள். ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1796-இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் விட்டார்கள்.

மட்டக்களப்பிலிருந்து: ஐயா, எங்கள் முன்னோர் ஒருவர் ஒல்லாந்தக் கப்டன் என்று அம்மம்மா சொல்வார். அவர் பெயரும் தெரியும். அவரிடமிருந்து கீழே எப்படி வருவது?

கீழே வர வேண்டாம் தம்பி, மேலே ஏறுங்கள். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கள். அதில் பாட்டனார் பெயருக்கென்றே ஒரு கட்டம் இருக்கும். அப்புறம் அம்மாவுடையது, அம்மம்மாவுடையது. இலங்கையில் அரசுப் பதிவு 1867-இல் தொடங்கியது, அதுவரை கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், உள்ள பதிவுகளே போதும். அதற்கு முன்னால் போக, கிறிஸ்தவக் கோயில்களில் உள்ள ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் வேண்டும்.

கப்டனிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்றால், அவருக்கு எட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், அதில் உங்களுக்குப் பிடித்த பிள்ளையோடு உங்கள் குடும்பத்தை ஒட்டிவிடுவீர்கள். இன்னொன்று, எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு முன்னோர் கப்டன்தான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள், மாலுமிகள், தச்சர்கள், பீப்பாய் செய்கிறவர்கள்.

நீர்கொழும்பிலிருந்து: எங்கள் பெயர் ஆங்கிலத்தில் 'எஸ்-இஸட்' என்று முடிகிறது. இது எந்த ஊர்க் குடும்பம்?

எந்த ஊர்க் குடும்பமும் இல்லை. அந்த 'இஸட்' என்பது 'சூன்', அதாவது மகன் என்ற சொல்லின் சுருக்கம். ஜான்ஸ் என்றால் யானின் மகன், பீட்டர்ஸ் என்றால் பீட்டரின் மகன். ஒரு காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறிய தகப்பன் பெயர் அது. ஏதோ ஒரு தலைமுறையில் மாறாமல் நின்று குடும்பப் பெயராகிவிட்டது. நம் இனிஷியலை யாரோ குடும்பப் பெயராக எழுதி அது நிலைத்துவிட்ட மாதிரி. அதனால் இன்னொரு ஜான்ஸ் குடும்பம் உங்கள் உறவாக இருக்க வேண்டியதில்லை.

மெல்பேர்ணிலிருந்து: ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் எங்கள் முன்னோரின் பெயர் கிடைத்துவிட்டது! இனி என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த ஆச்சரியக்குறியை எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்த்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் சம்பளப் பேரேடுகள். லட்சக்கணக்கான ஆட்கள் அதில் இருக்கிறார்கள், பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்கள். பெயர், சொந்த ஊர், வேலை, கப்பல், புறப்பட்ட நாள், எந்தக் கிளை அனுப்பியது, சேவை எப்போது எப்படி முடிந்தது என்று எல்லாம் இருக்கும். கிளைகள் ஆறு: ஆம்ஸ்டர்டாம், சீலந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹவுசன்.

இதில் பெயரை விட முக்கியம் கடைசிக் கட்டம். சேவை முடிந்த விதம். அந்த ஆள் 1752-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்ததாகப் பேரேடு சொன்னால், 1760-இல் கொழும்பில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு அவர் தகப்பனாக முடியாது. நான் இரண்டு வருடம் இப்படித்தான் வேறு ஒருவரின் பின்னால் போனேன். ஒரே பெயர், ஒரே ஊர், பதினோரு வருட இடைவெளி. அவருடைய கப்பலின் பயணத்தைக்கூட எழுதி முடித்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் அவர் ஊர் திரும்பிவிட்டவர்.

பேரேட்டில் 'மாதக் கடிதம்' என்று ஒரு குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளத்தில் ஒரு பங்கை ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. இங்கே கல்யாணம் செய்த சிலருக்கு அங்கே முன்பே ஒரு வீடு இருந்திருக்கிறது.

பேரேட்டு ஆளையும் உங்கள் ஆளையும் இணைப்பது பெரும்பாலும் இங்குள்ள திருமணப் பதிவுதான். அதில் 'யோங்மன் வான் பிரேமன்' என்று இருந்தால், பிரேமன் ஊரைச் சேர்ந்த மணமாகாத ஆண் என்று பொருள். அந்த 'வான்' குடும்பப் பெயர் இல்லை, பிறந்த ஊர். 'வான் கொழும்பு' என்று எழுதியிருந்த மணப்பெண்ணைப் பிரபு குடும்பத்துப் பெண் என்று நினைத்து எனக்கு எழுதியவர்கள் உண்டு. பிரேமன் என்பது ஜெர்மன் ஊர் என்பதையும் கவனியுங்கள். கம்பனி ஆட்களில் ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர், சுவிஸ்காரர் எல்லாரும் இருந்தார்கள். தெ மெரோன் படை என்று ஒரு சுவிஸ் படையையே கம்பனி 1781-இல் வாடகைக்கு எடுத்தது, 1795-இல் அது ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 'ஒல்லாந்தப் பறங்கியர்' என்பதில் ஒல்லாந்து பல நேரம் சம்பளம் கொடுத்த நாடு மட்டும்தான்.

சிலாபத்திலிருந்து: பெரேரா என்ற பெயர் இருப்பதால் நாங்கள் போர்த்துக்கேய வழியா?

பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது போர்த்துக்கேயப் பெயர் சூட்டுவது வழக்கமாக இருந்தது. பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்ற பெயருள்ள சிங்களவரையும் தமிழரையும் நாளும் பார்க்கிறோமே.

யாழ்ப்பாணத்திலிருந்து: கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தக் கோயில் யுத்தத்தில் அழிந்துவிட்டது. எங்களுக்கு வழியே இல்லையா?

1706-இல் கட்டிய கோயில் அது. அது போனது போனதுதான், ஆனால் கல்லில் இருந்தது வேறு இடத்திலும் இருக்கலாம். லியோபோல்ட் லுடோவிசி என்பவர் இலங்கையின் ஒல்லாந்தக் கோயில்களிலும் சேமக்காலைகளிலும் (கல்லறைத் தோட்டங்களிலும்) இருந்த கல்லெழுத்துகளைத் தொகுத்து 1877-இலேயே அச்சிட்டுவிட்டார். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து கொழும்பு தேசிய சுவடிக் கூடம். உயில்கள் அங்கே கிடைக்கும், அநாதைச் சபையின் தாள்களையும் கேளுங்கள். தகப்பன் இறந்த பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொண்ட சபை என்பதால், பிள்ளைகள் யார், என்ன வயது, வீட்டில் எத்தனை நாற்காலி என்பதுவரை எழுதுவார்கள். கொழும்புக்கு வந்துவிட்ட குடும்பம் என்றால் வுல்பெண்டால் கோயில் பதிவுகளையும் விடாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து: எங்கள் வீட்டில் ஒல்லாந்துக் கலப்பு உண்டு என்பார்கள். சென்னையில் தேடலாமா?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் ஆவணங்கள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. உங்கள் ஊர் விஷயம் வேறு. மதுரைக் கரை என்று அவர்கள் அழைத்த தூத்துக்குடிப் பகுதி கொழும்பு ஆளுநரின் கீழ் இருந்தது. அதனால் உங்கள் பூட்டனார் கடல் தாண்டாமலே கொழும்புத் தாள்களில் இருக்கலாம். நாகப்பட்டினம் 1781-இல் ஆங்கிலேயரிடம் போனது. அந்த வருடத்தோடு அங்கே ஒரு குடும்பத்தின் தடம் நின்றுவிட்டால், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தேடிப் பாருங்கள்.

டொரன்டோவிலிருந்து: அச்சான வம்ச அட்டவணை எங்களிடம் இருக்கிறது. முதல் மூன்று தலைமுறையிலும் மனைவியரின் முதற்பெயர் மட்டும்தான். ஏன் ஐயா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1908-இல் ஆர். ஜி. அந்தோனிஸ் முன்னின்று டச்சு பறங்கியர் ஒன்றியத்தைத் தொடங்கினார். இலங்கை அரசின் முதல் சுவடிக் காப்பாளர் அவர். ஒன்றியத்தின் சஞ்சிகையில் வெளிவந்த வம்ச அட்டவணைகள் இல்லாவிட்டால் நாம் யாரும் ஓர் அடி நகர முடியாது. ஆனால் அவை ஆண்வழி அட்டவணைகள். பறங்கியர் யார் என்பதற்கு 1830-இல் தலைமை நீதியரசர் ஒட்லி சொன்ன விளக்கமே அப்படித்தான்: ஆண் முன்னோர் ஐரோப்பியராக இருந்து, பெற்றோர் முறையாக மணந்திருந்தால் போதும், தாய் யாராக இருந்தாலும் சரி. 'யாராக இருந்தாலும்' என்று ஆனபிறகு யார் எழுதிவைப்பார்கள்? பின்னால், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956-இன் சட்டத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா போக விரும்பியவர்கள் முக்கால் பங்குக்கு மேல் ஐரோப்பிய இரத்தம் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் தமிழ்ப் பூட்டியையோ சிங்களப் பூட்டியையோ யாரும் தேடிப் போகவில்லை.

ஆனால் தேடலாம். ஞானஸ்நானப் பதிவில் சாட்சிகளின் பெயர்களைப் பாருங்கள், தாய்வழி உறவுகள் அங்கேதான் நிற்பார்கள். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர் என்பது ஒல்லாந்த வழக்கம். எல்லாரும் கடைப்பிடித்ததில்லை, ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இரண்டு, மூன்று முறை மணந்தார்கள். 'வெதுவே' என்ற சொல் வந்தால் அது நம் விதவைதான், ஒலியே சொல்லிவிடும். அதன் பக்கத்தில் முந்திய கணவன் பெயர் இருக்கும், அதைப் பிடித்து முந்திய திருமணத்துக்குப் போங்கள். அங்கே அவளுடைய ஊரோ தகப்பன் பெயரோ கிடைக்கலாம். 'வான் கோரமண்டல்' என்பது போல இருந்தால் நிதானியுங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் கம்பனி இப்படித்தான் ஊரைப் பெயரோடு ஒட்டியது. அப்படியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது உயில்களும் விடுதலைப் பத்திரங்களும்.

கொழும்பிலிருந்து: டிஎன்ஏ பரிசோதனை செய்தால் இவ்வளவு அலைச்சல் மிச்சமாகுமே?

ஒன்பது தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 512 முன்னோர். அதில் ஒருவருடைய டிஎன்ஏ உங்களிடம் துளிகூட இல்லாமல் போகலாம். தந்தைவழி மாறாமல் வந்த ஆண் ஒருவர் வீட்டில் இருந்தால் வை-குரோமோசோம் பரிசோதனை உதவும். அப்போதும் பெயரை அது சொல்லாது.

மட்டக்களப்பிலிருந்து மறுபடியும்: நீங்கள் சொன்னபடி ஏறினேன் ஐயா. கப்டன் இல்லை, தச்சர்! அம்மம்மாவுக்கு 91 வயது. எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு அவசரம் என்ன? முதலில் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அவருடைய அம்மம்மா வீட்டில் போர்த்துக்கேயம் பேசினார்களா, தமிழா? ஞானப்பெற்றோர் யார்? எந்தச் சேமக்காலையில் யார் பக்கத்தில் யாரைப் புதைத்தார்கள்? பதிலைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தச்சர் விஷயத்தை, வீட்டில் பழைய அலுமாரி ஏதாவது இருந்தால் அதைக் காட்டி மெதுவாகத் தொடங்கலாம்.